எடைமேடை மாரப்பன் கனத்துப்போன கதை

வேலாங்காட்டு ஆம்பளைகள் தரையை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்ப ஆரம்பித்தது, லாரி உரிமையாளர் சங்கக் கட்டடத்தில் மருத்துவ முகாம் நடந்ததற்கு அடுத்த மாதம். அதற்கு முன்பு எங்கள் ஊரில் மேலே போனவை என்றால் டீசல் விலையும் டோல்கேட் கட்டணமும்தான், இரண்டும் போனால் இறங்குவதில்லை, ஆனால் ஆம்பளைகள் எழும்பினார்கள், இறங்கினார்கள், மறுபடி எழும்பினார்கள், அதனால் இது அவ்வளவு மோசமான விஷயமில்லை என்று ஊர் சீக்கிரமே முடிவு கட்டிவிட்டது.

சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி, வீட்டுக்கு ஒரு லாரி நிற்கிற ஊர் எங்களுடையது. எங்கள் ஆட்கள் கவுகாத்தி வரைக்கும் ஜவ்வரிசி ஏற்றிப் போவார்கள், இஞ்சின் சூட்டின் மேல் நாள்கணக்கில் உட்கார்ந்து வருவார்கள், வந்ததும் டயரைப் பற்றிப் பேசுவார்கள், கியர் பாக்ஸைப் பற்றிப் பேசுவார்கள், எந்தத் தாபாவில் பருப்பு நன்றாக இருக்கும் என்று அடித்துக்கொள்வார்கள், ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். அதற்கென்று மாதம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் ஒரு வாலிப வைத்தியர் வந்து இறங்குவார். அவரிடம் பின்வாசல் வழியாகப் போய், கறுப்பாக ஒரு லேகியத்தை வாங்கி, லாரி டூல்ஸ் பெட்டிக்குள் ஸ்பானருக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள், அது வெயிலில் இளகி ஸ்பானரோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் பயனடைந்தது ஸ்பானர் மட்டும்தான்.

அந்த ஆடி மாதம் முகாமுக்கு வரவேண்டிய கண் டாக்டர் வரவில்லை. அவருக்குப் பதிலாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் எஸ்தர் வந்தார். எல்லோருக்கும் சர்க்கரையும் பிரஷரும் பார்த்தார், பார்த்து முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, "வீட்ல உங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் நல்லபடியா இருக்கா?" என்று கேட்டார். முதலில் மாட்டியவர் பெரியதம்பி. அசாம் வெள்ளத்தில் லாரியோடு மூன்று நாள் மிதந்தபோதும் கலங்காத மனுஷன், டியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்குதுங் டாக்டரம்மா, போன மாசந்தான் வெள்ளையடிச்சோம்" என்றார். அடுத்தவர் கொல்லையில் போர் போட்ட கதையைச் சொன்னார். இப்படியே நாலைந்து பேர் வீட்டைப் பற்றிச் சொல்லி முடித்ததும், டாக்டர் எஸ்தருக்கு விளங்கிவிட்டது, எல்லோரையும் ஹாலில் உட்காரச் சொல்லிவிட்டு மேடையில் ஏறி நின்றார்.

அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், மாரப்பன் உட்கார்ந்திருந்தார். ஊர் முகப்பில் இருக்கிற எடைமேடை அவருடையது. லாரி வந்து மேடையில் நிற்கும், அவர் கண்ணாடி அறைக்குள் பொத்தானை அழுத்துவார், வெளியே கம்பத்தில் மாட்டியிருக்கிற பெரிய பலகையில் சிவப்பு எழுத்தில் எடை ஓடும், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கலாம், எதிர்ச் சாரியில் டீக்கடைக்காரர் செவந்தியப்பன் கண்ணாடி போடாமலே படிப்பார். மாரப்பன் வாலிபத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்கிச் சேர்த்த காசில் அந்த மேடையைப் போட்டவர். வயது நாற்பத்தாறு. எடையில் ஒரு குண்டுமணி கூட்டிக் குறைத்தவர் என்று ஒருவரும் அவரைச் சொல்ல முடியாது. சர்க்கரை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாத்திரையை மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தார், தின்றதில்லை.

அவருக்கு ஒரு கவலை இருந்தது, அது பெரிய கவலை. ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் வீட்டில் படுப்பதில்லை. ராத்திரி லாரி வருகிறது என்று சொல்லிவிட்டு எடைமேடை அறையிலேயே பாயை விரித்துவிடுவார். நிஜம் என்னவென்றால், ஒரு தடவை முடியாமல் போனது, மறுதடவை முடியாமல் போய்விடுமோ என்கிற பயத்திலேயே முடியாமல் போனது, மூன்றாவது தடவை என்று ஒன்று வராமல் இருக்கப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மனைவி சம்பூரணம் ஒரே ஒரு முறை, "ஏனுங் மாமா, என்னாச்சுங்?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து குரலை உயர்த்தாத மனுஷன் அன்றைக்குக் கத்தினார். மகள் கவி ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், ஆகவே வீட்டில் பேச வேறு ஆள் இல்லை, அதற்குப் பிறகு அவர்களுக்குள் சோறு, சாவி, கரண்ட் பில் என்கிற மூன்று சொற்கள் மட்டும்தான் நடமாடின.

டாக்டர் எஸ்தர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ரேஷன் கடையில் என்ன சரக்கு வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தார். "அந்த விஷயத்துல தடுமாற்றம் வந்தா வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நிறையப் பேருக்கு வர்றதுதான். சில பேருக்கு அது சர்க்கரை, பிரஷர், இதயம் எல்லாம் முன்கூட்டியே அடிக்கிற ஹாரன். ஹாரன் அடிச்சா என்ன பண்ணுவீங்க? வண்டிய ஓரம் கட்டிப் பாப்பீங்கல்ல? அதே மாதிரி டாக்டர்ட்ட வந்து பாருங்க. லாட்ஜுக்குப் போகாதீங்க. மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுங்க. பீடி, சிகரெட்ட விடுங்க. தண்ணி போடறத விடுங்க. தெனம் வேர்க்க வேர்க்க நடங்க. நல்லாத் தூங்குங்க. குளிக்கும்போது அந்த எடத்த வெறும் தண்ணி விட்டு மெதுவாக் கழுவி, ஈரம் இல்லாமத் தொடச்சிட்டு, பருத்தித் துணி உடுத்துங்க."

ஊரில் இத்தனை ஆம்பளைகள் இத்தனை நேரம் சேர்ந்தாற்போலச் சும்மா இருந்ததை அதற்கு முன்னால் யாரும் கண்டதில்லை.

"இன்னொண்ணு," என்றார் டாக்டர். "ஒண்ணுக்குப் போறப்ப பாதியில நிறுத்தணும்னா ஒரு தசைய இறுக்குவீங்க இல்ல, அது எதுன்னு தெரிஞ்சுக்கத்தான் அப்படிச் சொல்றேன், போறப்ப செஞ்சு பழகாதீங்க. சும்மா இருக்கிற நேரத்துல அந்தத் தசைய மட்டும் இறுக்கி, உள்ளுக்குள்ள மேல தூக்குங்க. கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருங்க."

இந்த இடத்தில் மாரப்பன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தது சம்பூரணத்தின் பெரியப்பா மகன். மாரப்பனுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறிவிட்டது. அடிக்காத செல்போனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங், சொல்லுங், இதா வந்துட்டனுங்" என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்துவிட்டார். அதற்கப்புறம் டாக்டர் சொன்னதுதான் முக்கியமானது, அதை மற்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள், மாரப்பன் மட்டும் கேட்கவில்லை: "அப்புறம் மெதுவா விடுங்க. விடறதும் பயிற்சிதான். வயித்த இறுக்காதீங்க, தொடைய இறுக்காதீங்க, முக்கியமா மூச்சப் பிடிக்காதீங்க. பலன் உடனே வராது, மாசக்கணக்குல ஆகும். டீ குடிக்கும்போது செய்யலாம், சிக்னல்ல நிக்கும்போது செய்யலாம். செய்யறது வெளிய ஒருத்தருக்கும் தெரியாது."

இந்தக் கடைசி வாக்கியம் ஒன்றில்தான் டாக்டரம்மாவின் கணக்கு தப்பியது. ஆவணி பிறந்து நாலு நாள் போயிருக்கும், செவந்தியப்பன் கடையில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெரியதம்பி, யாருக்கும் தெரியாமல் பயிற்சியைச் செய்தார், செய்தவர் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஒரு விரற்கடை மேலே போய் நின்றார். செவந்தியப்பன் பாலை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்து, "ஏனுங், செருப்ப உட்டுப்போட்டு எங்கீங் போறீங்?" என்று கேட்டார். "எங்கியும் இல்லீங், இங்கதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியதம்பி இறங்கினார். பக்கத்தில் நின்றவர் தனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள். கொல்லைப்புறத்தில் எழும்பியவர்கள் வாசலுக்கு வந்தார்கள், வாசலில் எழும்பியவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. செருப்புக் கடைக்காரர் வார் வைத்த செருப்பாக வாங்கிக் குவித்தார். தையல்காரர் பேண்டை ஒரு விரற்கடை நீளம் வைத்துத் தைத்தார். சலூன்காரர், கத்தி கழுத்தில் இருக்கும்போது தயவுசெய்து வேண்டாம் என்று கண்ணாடிக்கு மேலே எழுதி ஒட்டினார். டவுன் பஸ் கண்டக்டர், வேகத்தடை வரும்போதெல்லாம், "நிக்கறவிய அல்லாரும் கீழ எறங்கி நில்லுங்" என்று சத்தம் போட்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை, பெண்ணின் அத்தைமார்கள் காபி கொடுத்துவிட்டு, காலுக்குக் கீழே கைக்குட்டையைத் தவற விட்டுக் குனிந்து எடுத்தார்கள். முந்தின ராத்திரி குடித்தவர் மறுநாள் எழும்ப மாட்டார், பீடி பிடித்தவர் கோணலாக எழும்புவார் என்று தெரிந்துபோனதால், வீட்டில் யாரும் யார் வாயையும் முகர்ந்து பார்க்க வேண்டியதில்லாமல் போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் பைபாஸ் ரோட்டோரம் கைவீசி நடக்கிற ஆம்பளைகளின் வரிசை ஒன்று உண்டாயிற்று. லாட்ஜ் வைத்தியர் ஐப்பசியில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, லேகியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை.

பெண்களோ இதைக் கண்டு வாயைப் பிளக்கவேயில்லை. "எழும்பட்டும், நல்லதுதானே" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எடைமேடையில்தான் தொல்லை. டிரைவரும் கிளீனரும் கேபினுக்குள் உட்கார்ந்தபடி எழும்பிவிட்டால் ஒன்றரை குவிண்டால் காணாமல் போனது. மாரப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கண்ணு, எறங்கி உக்காருங், எடை போடோணும்" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. ஊரில் எழும்புகிற அத்தனை பேரும் அவர் மேடை மேல்தான் போனார்கள், வந்தார்கள். அவர் மட்டும் எழும்பவில்லை. எழும்பாதது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை.

மூட்டை தூக்கியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூக்கு என்று யாராவது சொன்னால் முதலில் தம் கட்டுவார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்து, பல்லைக் கடித்து, வயிற்றைக் கல்லாக்கி, தொடையை இறுக்கி, அப்புறம்தான் மூட்டையில் கை வைப்பார்கள். டாக்டர் தூக்கச் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு வந்த மாரப்பன், லாரி இல்லாத நேரமாகப் பார்த்து மேடையின் நடுவில் போய் நின்று, எழும்பினால் பலகையில் தெரியுமே என்று அதையே பார்த்துக்கொண்டு, தம் கட்டினார். பலகை பத்துப் பத்தாகத்தான் காட்டும். எண்பது கிலோ என்று இருந்தது. அவர் முகம் சிவக்கச் சிவக்கத் தம் கட்டினார். தொண்ணூறு என்று வந்தது.

மறுநாள் நூறு. கார்த்திகைக்குள் நூற்றைம்பது. மூச்சை விட்டால் குறைய வேண்டியதுதான், ஆனால் அவர் முழுசாக விடுவதே இல்லை, எந்த நேரமும் பாதி மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டே திரிந்தார், இருமினால்கூடப் பாதிதான் இருமினார். ஆள் பார்க்க அதே ஆள்தான், சட்டை அதே சட்டைதான், எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. சாக்கடை மேல் போட்டிருந்த பலகைக்கல் இரண்டாகப் பிளந்தது. செவந்தியப்பன் டீ ஆற்றிக்கொண்டே பலகையைப் படித்து, "இன்னைக்கு எரநூறுங்" என்று கடையில் இருப்பவர்களுக்குச் சொல்வார், யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரிக்காததுதான் மாரப்பனுக்குத் தாங்க முடியவில்லை.

ஊர் இதையும் வீணாக்கவில்லை. காற்றடிக்கிற நாளில் கல்யாணப் பந்தலின் மூலையில் அவரை உட்கார வைத்துக்கொண்டார்கள். ஹேண்ட்பிரேக் பிடிக்காத லாரி உருண்டுவிடாமல் அதற்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள், உட்கார வைத்து டீயும் வடையும் கொடுத்தார்கள், ஆனால் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், சம்பூரணத்துக்கும் தெரியும்.

மார்கழியில் மாரியம்மன் கோயில் குண்டம் வந்தது. தீக்குழிக்குள் இறங்குகிற ஆம்பளைகள் எழும்பிக்கொண்டு ஏமாற்றிவிடுவார்களோ என்று பூசாரிக்குச் சந்தேகம்; குழியின் ஓரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ஒவ்வொரு பாதத்தையும் பார்த்தார், பாதம் நெருப்பைத் தொடாதவர்களைத் திருப்பி அனுப்பி மறுபடி இறங்கச் சொன்னார், அதில் இரண்டு பேர் பக்தியை விடக் கோபத்தோடு இறங்கினார்கள். வருஷா வருஷம் இறங்குகிற மாரப்பனை இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. குழி தாங்காது என்று அவர்களே முடிவு செய்து, பொங்கல் வைக்கிற இடத்தில் தார்ப்பாய் பறக்காமல் இருக்க, அதன் ஒரு முனையில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். சம்பூரணம் பெண்கள் வரிசையில் நின்று பார்த்தாள். அவர் கன்னம் உப்பி, கண் சிவந்து, தார்ப்பாய் முனையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு சேர்ந்து கோபமும் வந்தது.

அன்று மத்தியானம் சோற்றுத் தூக்கை எடைமேடை ஜன்னலில் வைத்துவிட்டு அவள் சொன்னாள். "நாளைக்கு நான் பெருந்துறைக்குத் தம்பியூட்டுக்குப் போறேன். திரும்பி வாரதா எண்ணமில்ல. எனக்குச் சலிச்சுப்போச்சுங். நீங்க இந்த எடைமேடையோடவே குடும்பம் நடத்துங்."

மாரப்பன் வாயைத் திறந்தார். திறந்தால் மூச்சுப் போய்விடுமே என்று மூடிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பெருந்துறை பஸ் எங்கள் ஊர் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. சம்பூரணம் துணிப்பையைச் சீட்டுக்கு மேலே வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, எடைமேடை இருக்கிற திசைக்கு எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவந்தியப்பன்தான் ஓடிப் போய் மாரப்பனிடம் சொன்னார். மாரப்பன் எழுந்து ஓடினார். அவர் ஓடியதில் ரோட்டோரக் கடைகளில் பாத்திரங்கள் ஆடின, நின்றிருந்த லாரிகளின் கண்ணாடி அதிர்ந்தது, அவர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது பஸ் கிளம்பிவிட்டது. கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தார். கூப்பிட வாய் வரவில்லை. பஸ்ஸின் பின்பக்க ஏணியை இரண்டு கையாலும் பிடித்து, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார், தம் கட்டினார்.

பஸ் நின்றுவிட்டது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார், புகை வந்தது, சக்கரம் அசையவில்லை. பின் டயர்கள் நசுங்கின, முன்பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டது, ஹெட்லைட் இரண்டும் மாமரத்து உச்சியைப் பார்த்தன, உள்ளே ஒரு மூட்டை வெங்காயம் அவிழ்ந்து கடைசிச் சீட்டுக்கு உருண்டது.

"அண்ணா, மாரப்பண்ணா, மூச்ச உடுங்ணா!" என்று கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்தினார். "பஸ்ஸு குந்துதுங்ணா!"

ஜனம் கூடிவிட்டது. யாரும் கிட்டப் போகவில்லை. சம்பூரணம் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்குவது போல இறங்கி, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னங் இது?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கன்னம் இரண்டும் பந்தாக இருந்தன.

"வாயத் தொறந்து சொல்லுங் மாமா. ஒரு வார்த்தை. என்னைய வேண்டாம்னாவது சொல்லிப்போடுங், நான் போயிக்கறேன்."

வேண்டாம் என்கிற அந்தச் சொல்லைக் கேட்டதும் மாரப்பனுக்குப் பிடி விட்டுப் போயிற்று. மாசக்கணக்காக அவர் பிடித்து வைத்திருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது, பஸ் ஸ்டாண்டுக் குப்பையெல்லாம் எழுந்து பறந்தது, பழக்கடைச் சாக்குப் படுதா விலகியது, அந்த மூச்சோடு சேர்ந்து, அவர் தடுக்க நினைப்பதற்கு முன்பே, பேச்சும் வந்துவிட்டது.

"எனக்கு முடியில சம்பூரணம். உன்னப் புடிக்காம இல்ல சாமி. முடியாமப் போச்சு. மறுக்காவும் முடியாமப் போயிருமோன்னு பயந்துக்கிட்டு ஓடிப்போயிட்டேன்."

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அத்தனை மூச்சோடு வந்த பேச்சு, மார்க்கெட்டு வரைக்கும் கேட்டது.

வேலாங்காட்டில் முடியவில்லை என்கிற வார்த்தையை அதுவரை யாரும் வாய் விட்டுச் சொன்னதில்லை, எழும்பியவர்களும் சொன்னதில்லை. கூட்டத்திலிருந்து பெரியதம்பி தொண்டையைச் செருமினார். "எனக்குங்கூட அப்படித்தான் இருந்துச்சுங்" என்றார், டியூப் லைட் எதுவும் இல்லாததால் வானத்தைப் பார்த்துக்கொண்டு. சலூன்காரர், "எனக்கும்" என்றார். தையல்காரர் கையைத் தூக்கினார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எனக்குமுங்" என்று சொல்லி, மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். பாரம் குறைந்த பஸ், டிரைவர் ஆக்ஸிலேட்டரில் வைத்த காலை எடுக்க மறந்ததால், கண்டக்டரோடும் வெங்காயத்தோடும் சம்பூரணத்தின் துணிப்பையோடும் பாய்ந்து பெருந்துறைப் பக்கம் போய்விட்டது.

சம்பூரணம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்காகவா?" என்று கேட்டாள். "வேற எவளோ ஒருத்தி இருக்கறான்னு நெனச்சேன் நான். இல்லாட்டி என்ற மூஞ்சி புடிக்காமப் போயிருச்சுன்னு நெனச்சேன். ஒன்றரை வருசம் செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தேனே, எனக்கு அதுவா பெருசு? பக்கத்துல ஒரு ஆளு இருந்தாப் போதும்னு இருந்தேனே."

மாரப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் துடைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மா சொன்னத முழுசாக் கேட்டீங்களா, பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்களா?"

"உன்ற பெரியப்பன் மகன் பக்கத்துல உக்காந்திருந்தான்..."

"அவன் இன்னைக்கு நெலையில வாசப்படியத் தொடாம மேல நிக்கறான். நீங்க மூச்சப் புடிச்சுக்கிட்டுச் சாலையில பள்ளம் பறிக்கறீங்." அவள் சேலையின் கீழ்க்கரையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். "இப்பிடி. மூச்சு அது பாட்டுக்குப் போகோணும், வரோணும்."

அவள் பாதங்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தன.

நாங்கள் வாயைப் பிளந்தோம். பிறகு மெல்லச் சுற்றிலும் பார்த்தோம். பூக்காரம்மா, பஸ்ஸுக்கு நின்ற டீச்சர், காய்கறிக் கூடையோடு நின்றவர்கள், ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே சேலைக் கரையைத் தூக்கினார்கள். தரையில் நின்றவர்களை விட நிற்காதவர்கள்தான் அதிகம். ஆண்களாகிய நாங்கள் ஒரு விரற்கடைக்குச் செருப்புக் கடையையே மாற்றிவிட்டிருந்தோம்.

"எப்ப இருந்து?" என்று கேட்டார் மாரப்பன்.

"கவி பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்ஸம்மா சொல்லிக்குடுத்தாங்க. பெத்தவிய எல்லாருக்கும் சொல்லிக்குடுப்பாங்க. பொம்பளைக்கும் அதே தசைதானுங்."

"இத்தன வருசமா? எனக்கு ஏன் சொல்லுல?"

"நீங்க கேக்குலியே மாமா," என்றாள் சம்பூரணம். "எனக்கு எப்பிடி இருக்குதுன்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே."

அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் பல வீடுகளில் ஆம்பளைகள் திக்கித் திணறி அந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்றும், பதில் சில வீடுகளில் விடிய விடிய வந்தது என்றும் பிறகு தெரிந்தது.

சம்பூரணம் தரைக்கு இறங்கினாள். இறங்கி, அவர் பக்கத்தில் நடந்து, சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் எஸ்தர் இருவரையும் உட்கார வைத்து, சர்க்கரையைப் பார்த்து, டிராயர் மாத்திரைக் கதையைக் கேட்டு நன்றாகத் திட்டி, பயிற்சியை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். "முதல்ல படுத்துக்கிட்டு செய்யுங்க. செய்யும்போது வாய் விட்டு எண்ணுங்க. பேசிக்கிட்டிருக்கிறவரால மூச்சப் பிடிக்க முடியாது" என்றார். அவர்கள் வெளியே வரும்போது சம்பூரணத்தின் போன் அடித்தது.

"அக்கா, பை மட்டும் எறங்கியிருக்குது. நீ எங்க?" என்று தம்பி கேட்டான்.

"நான் வருல சாமி. பை வந்துருச்சில்ல, அதுக்கு ரண்டு நாளு சோறு போட்டு அனுப்பி வையி" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்று ராத்திரி மாரப்பன் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் மேடை மேல் ஏறி நிற்கவில்லை, பலகையில் லாரிகளின் எடை மட்டும்தான் ஓடியது, செவந்தியப்பனுக்குப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பொழுது சாய இருவரும் பைபாஸ் ரோட்டில் நடப்பார்கள். அவர் பாதம் தரையில்தான் இருக்கும், அவளும் தரையில்தான் நடப்பாள், ஆனால் நாற்காலி உடைவது நின்றுவிட்டது. எழும்புகிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஊருக்கு ஆசை இல்லாமல் இல்லை. பெரியதம்பி ஒரு நாள் ஜாடையாகக் கேட்டும் பார்த்தார். "நானும் அவளும் பாத்துக்கறமுங்" என்று சிரித்துவிட்டு மாரப்பன் அடுத்த லாரியைக் கூப்பிட்டார். தை போனது, மாசி போனது, பங்குனியும் போனது.

சித்திரை பிறந்து, வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்த ஒரு நாள், அவர்கள் வீட்டுக்கு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் போய், படுக்கையறையில் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த சீலிங் ஃபேனைக் கழற்றி, அது மாட்டியிருந்த கொக்கியையும் அறுத்து எடுத்துவிட்டு, மூலையில் ஒரு டேபிள் ஃபேனை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். இந்த வேக்காட்டில் எதற்கு இந்த வேலை என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருப்பார்கள். வேலாங்காட்டில் ஒருவரும் கேட்கவில்லை.